அந்தூரியத்துக்கு ஐந்து வேளை

“மண்ணைத் தொட்டுப் பாத்தீங்களாக்கா?”

பயணத்திலிருந்து திரும்பிய தனுஜா கேட்டதும், மஸாஹிரா செடிச்சட்டியை அவள் பக்கம் நகர்த்தினாள். ஹுன்னஸ்கிரியவில் இருக்கும் தன் தங்கையின் பிரசவத்துக்குப் போகும்போது, இரண்டு வாரம் பார்த்துக்கொள்ளும்படி கீழ்வீட்டுத் தனுஜா ஒப்படைத்துவிட்டுப் போன அந்தூரியப் பூச்செடி அது. தாய்ச்செடி. பேராதனைப் பக்கம் ஒரு சின்னச் செடிக்கடை போட, அது ஈனும் கன்றுகளைத்தான் அவள் நம்பியிருந்தாள்.

மஸாஹிரா செடியை மறக்கவில்லை. ஐந்து வேளைத் தொழுகைக்கும் கைகால் முகம் கழுவி வுழூ எடுத்தபின் வாளியில் மிஞ்சிய தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று, ஜன்னலோரம் இருந்த அதற்குத்தான் ஊற்றினாள். இலை மஞ்சளித்துத் தொங்கியபோது, தாகமாக்கும் என்று இன்னொரு கோப்பை சேர்த்தே ஊற்றினாள். கண்டியின் ஈரக்குளிரில் மண் ஒருநாளும் காயவில்லை.

தனுஜா சட்டிக்கு அடியில் இருந்த தட்டைச் சரித்தாள். பாசித் தண்ணீரில் நுளம்புப் புழுக்கள் நெளிந்தன. சட்டியைக் கவிழ்த்ததும் அடைபட்ட சாக்கடைக் கானின் நாற்றம் வீடெல்லாம் பரவியது. வெள்ளையாக இருக்க வேண்டிய வேர்கள் கறுத்துக் கூழாகி, தொட்டதும் தோலுரிந்து விரலில் ஒட்டின.

“சீ! இந்த நாத்தம் என்ட வீட்டுக்குள்ளயா ஈந்திச்சி?” மஸாஹிரா முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

கதிரையில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் றவூப் சிரித்தான். “செடிக்கு நீச்சல் பழக்கியீக்கலாம் நீ.”

வேறு யாரும் சிரிக்கவில்லை.

தனுஜா அழுகிய வேரையெல்லாம் வெட்டி எறிந்தாள். ஒரேயொரு கன்றில் மட்டும் இரண்டு வெள்ளை வேர்கள் மிஞ்சின. அதைக் கழுவி, அடியில் துளையுள்ள சட்டியில் செங்கல் துண்டும் கரியும் தேங்காய் மட்டைத் துண்டும் போட்டு நட்டாள்.

“தட்டுல தண்ணி நிக்கக் கூடாது. விரலை உள்ள விட்டுப் பாத்து, காஞ்சிருந்தாத்தான் ஊத்தணும்,” என்றாள், சுவருக்குச் சொல்வதுபோல.

“நான் ஒரு வேளையும் தவறவிடல்லயே...” என்று தொடங்கிய மஸாஹிராவின் கண் கறுத்த வேர்களில் விழுந்தது. செடியின் முகத்தை அவள் ஒருநாளாவது பார்த்தாளா? ஊற்றினோம் என்ற நிறைவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அந்தப் புழுக்களைவிட அதுவே அருவருப்பாக இருந்தது.

“நான் செஞ்சது கவனிப்பில்ல தங்கச்சி. என்ட மனசு குளிரத்தான் ஊத்தியீக்கேன். செடியோ மனிசரோ, என்ன வேணுமெண்டு பாக்காமக் கொட்டிக் கொட்டிக் குடுக்கிறது அன்பே இல்ல. அது கொல்றதுதான்.”

தனுஜா சட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டாள். படியிறங்கிப் போனாள்.