வே. சுடலைமணி ஜவுளிக்கடை வாழை

தியாகராய நகர் வீட்டின் பின்கட்டில் வாழைக் குருத்து விரிந்து, அதில் ‘வே. சுடலைமணி ஜவுளிக்கடை’ என்ற பெயர் சிவப்பு எழுத்தில் தெரிந்த காலையில் அங்கே இருந்தவர்கள் மூவர்: வீட்டுப் பெரியவர் ரகுபதி, அவர் மருமகள் கயல், தன் மகள் வர்ஷினியின் வளைகாப்புக்கு இலை சொல்லிவைக்க வந்த எதிர்வீட்டு சரோஜாதேவி. பெயர் ரகுபதியின் தகப்பனாருடையது. நடு நரம்புக்கு இரு பக்கமும் எழுத்துகள் நேராக நின்றன. அவற்றுக்கு அடியில் கொடுத்திருந்த மஞ்சள் நிழல்கூட விடுபடவில்லை.

“இன்னா அண்ணாச்சி, கடைய இங்க மாத்திக்கினீங்களா?” என்றாள் சரோஜாதேவி. கேட்டவருக்கு இலை இல்லை என்று சொல்லாத வீடு அது. வளைகாப்புக்கு இலை உண்டு என்று மட்டும் சொல்லி ரகுபதி அவளை அனுப்பினார்.

அந்தப் பெயர் உஸ்மான் சாலைக் கடை வாசலில் தேக்குப் பலகையில் இருந்தது. தீபாவளிக்குத் தீபாவளி புதுப் பெயின்ட் பூசி, பலகையைவிடப் பெயின்ட் கனமாகிவிட்டது. ரகுபதியின் மகன் புகழேந்தி கடைக்குக் கண்ணாடி வைத்து, விளக்கெரியும் போர்டு மாட்டியபோது பழைய பலகையைக் காயலான்கடைக்காரர் கேட்டார். தகப்பனார் பெயர் ஓட்டை வாளியோடு தள்ளுவண்டியில் போவதா என்று ரகுபதி கொதித்தார். கோடரியால் தாமே பிளந்து, தாம் குளிக்க வெந்நீர் போடும் விறகடுப்பில் எரித்தார். சவுக்கு விறகுச் சாம்பலுக்கு அந்த வீட்டில் ஒரு முறை உண்டு. இரும்பு வாளியில் மூடி வைத்து, கங்கு அடங்கி நன்றாக ஆறியபின் சலித்து, மழை படாமல் காத்து, வாழைத் தண்டில் படாமல் தள்ளி ஒரு கைப்பிடி தூவி மண்ணைக் கிளறிவிட வேண்டும். பலகையின் சாம்பலுக்கும் அந்த மரியாதை ஒன்று குறையாமல் நடந்தது.

பெயர் விழுந்த இலையை அறுத்தார்கள். அடுத்த குருத்து கடையின் பழைய தொலைபேசி எண்ணையும் சேர்த்துக்கொண்டு வந்தது. தெருவே மதில்மேல் கைபேசியை நீட்டியது. பெயர்மேல் சோற்றைப் போட்டுத் தின்னப் போகிறார்களா என்று ரகுபதிக்கு வயிறு எரிந்தது. கொடுத்த வாக்கு அதைவிட எரித்தது. இலையைக் கவிழ்த்துப் போட்டுக்கொள்ளட்டும் என்று அரிவாளை எடுத்தபோது கயல் மரத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.

“வேண்டாம் மாமா. இது பெயின்ட் அடிச்ச கட்டையோட சாம்பல். அந்தக் காலத்துப் பெயின்ட்ல ஈயம் இருக்கும், எரிச்சாலும் போகாது. சாப்பிடப் போறது புள்ளத்தாச்சிப் பொண்ணு.”

“எங்க அப்பா பேரு வெசமா?”

“தாத்தா பேரு இல்ல மாமா. அதை எழுதின பெயின்ட்டு.”

ரகுபதி அரிவாளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு உள்ளே போனார். வளைகாப்பன்று காலையில் ஆட்டோ பிடித்துப் போய்ச் சைதாப்பேட்டைச் சந்தையில் இலைக்கட்டு வாங்கி, தோளில் சுமந்துகொண்டு எதிர்வீட்டுக்குள் நுழைந்தார். கடை இலை எதற்கு, வீட்டு இலையைக் கொடுக்க மனம் வரவில்லையா என்று அங்கே ஒரு முணுமுணுப்பு எழுந்தது. சும்மா இருந்திருந்தால் கஞ்சன் என்ற பெயரோடு போயிருக்கும். அவர் முதுகை வளைக்காமல் பந்தல் நடுவில் நின்றார்.

“எங்க அப்பா போர்டை எரிச்சு வாழைக்குப் போட்டேன். அந்த இலை விசம். எம்புள்ளைக்குப் போடமாட்டேன், உங்க புள்ளைக்கும் போடமாட்டேன்.”

வர்ஷினி எழுந்து வந்து இலைக்கட்டைத் தன் கையால் வாங்கிக்கொண்டாள்.

இப்போது அந்த வாழையைச் சுற்றி முள்கம்பி இருக்கிறது. இலை, பூ, காய் எதையும் யாரும் தொடுவதில்லை. வெறும் சவுக்குச் சாம்பல் மட்டும் போட்டு வளர்த்த புது வாழை மதிலின் மறுகோடியில் நிற்கிறது. தெருவுக்கு இலை அதிலிருந்து போகிறது. பழைய மரம் மாதம் தவறாமல் கடைப் பெயரை விரிக்கிறது. தபால்காரர் அதைப் பார்த்தே வீட்டை அடையாளம் சொல்கிறார்.

விளம்பரத்துக்காக ரகுபதி ஆள் வைத்து இலையில் எழுதுகிறார் என்று தேனாம்பேட்டை வரை ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். ஆள் யாரும் வருவதில்லை.