யாரும் வெளியே வராத சத்தம்

சனிக்கிழமை சாயங்காலம் அந்தச் சத்தம் கேட்டது. டம்மென்று ஒரே ஒரு சத்தம். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கித் தகரக் கூரையைப் பார்த்தேன். மறுபடி டீயைக் குடித்தேன். எங்கள் லைனில், ஒட்டி ஒட்டிக் கட்டிய அந்த வரிசையில், எல்லா வீட்டிலும் இதையேதான் செய்திருப்பார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. மாரிகுப்பத்தில் நாங்கள் குடியிருப்பது தங்கச் சுரங்கத்தின் தலைமேல். சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் உள்ளே பாறை எப்போதாவது வெடிக்கும். ஏர்பிளாஸ்ட் என்போம். வேலை நடந்த காலத்தில் அந்தச் சத்தம் கேட்டால், அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டுப் பெண்கள் தெருவுக்கு ஓடி வருவார்கள். கீழே புருஷன் இருப்பான், மகன் இருப்பான். இப்போது கீழே தண்ணீர்தான் இருக்கிறது. தண்ணீருக்காக யார் ஓடி வருவார்கள்? அதனால் சத்தம் கேட்டால் கூரையைப் பார்ப்போம். தெருவைப் பார்க்க மாட்டோம்.

இடித்தவன் இந்தப் பழக்கத்தால்தான் தப்பித்துப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மகள் ஷோபா காரைத் துடைக்க வாளியோடு வெளியே போனாள். கத்தவில்லை, கூப்பிடவும் இல்லை. வாளியை வைத்த சத்தம் கேட்டது. அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. என்னடா என்று போய்ப் பார்த்தேன். எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி நிறுத்தியிருந்த வெள்ளைக் காரில் தெருப் பக்கம் இருந்த பின்கதவு உள்ளே போயிருந்தது. மேலே கறுப்பாக ஒரு தேய்ப்பு. கதவைத் திறக்கப் பார்த்தேன், திறக்கவில்லை. ஷோபா தொடவே இல்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, காரைப் பார்க்காமல், தெருவில் இருந்த வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணும்னே பண்ணிக்கீறாங்க நைனா," என்றாள்.

"யாரு?"

"அதான் தெரியலியே. தெரிஞ்சா ஒருத்தர்மேல மட்டும் கோவப்படலாம்."

அவள் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருக்கிறது. புருஷன் சரியில்லை என்று போன வருஷம் என்னிடம் வந்துவிட்டாள். நரசாபுரம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை. ஷிப்டு மாறி மாறி வரும், அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. அதனால் பழைய கார் ஒன்றை வாங்கினாள். எங்கள் லைனில் எதிர் எதிரே வண்டி வந்தால் ஒன்று பின்னால் போகவேண்டும். அங்கே கார் நின்றால் முணுமுணுப்பு வரத்தான் செய்யும். குழாயடிக்கு இவள் போனால் பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்களாம். அது காருக்காகவா, புருஷனை விட்டு வந்ததற்காகவா என்று எனக்குத் தெரியாது. கேட்டாலும் நிஜத்தைச் சொல்ல மாட்டார்கள்.

"கோலார்ல ஒரு அபார்ட்மென்ட் சொன்னேன்ல. கேட் கீது, வாட்ச்மேன் கீறான். இந்த மாசத்தோட போயிடலாம்," என்றாள்.

"கேட் போட்டவன எனக்குத் தெரியும். சுரங்கத்துல கேட் போட்டுதான் எங்கள தெனமும் தடவிப் பாத்து வெளிய வுட்டான்."

"அது தங்கத்துக்கு நைனா. இது நம்மள காப்பாத்தறதுக்கு."

"அன்னிக்கும் அப்படித்தான் சொன்னான்."

அவள் சிரிக்கவில்லை. நான் இந்த வீட்டை விட்டுப் போகிற ஆள் இல்லை. அவளைத் தனியாக அனுப்புகிற ஆளும் இல்லை. ஆனால் அவள் முடிவு பண்ணிவிட்டாள் என்பது அவள் காரைத் துடைக்காமல் வாளித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டியதிலேயே தெரிந்தது.

உள்ளே வந்து இன்சூரன்ஸ்காரனுக்குப் போன் போட்டாள். அவன் போட்டோ கேட்டான், போலீஸ் புகார் கேட்டான். போட்டோவால் கதவு நிமிருமா? போலீசுக்குப் போனால் யார்மேல் சந்தேகம் என்பான். ஒரு பெயர் சொல்லவேண்டும். சொன்னபிறகு அந்தப் பெயர்க்காரனுக்கு எதிர்வீட்டிலேயே குடியிருக்கவேண்டும். மருந்துக் கடையில் கேமரா இருக்கிறதே என்றாள். போய்க் கேட்டேன். அது கடைக்காரன் ஷட்டரை மட்டும் பார்க்கிறது. அவனுக்கு அவன் கடைதான் முக்கியம், சரிதான்.

எனக்கு ஒருத்தன்மேல் சந்தேகம் இருந்தது. தண்ணி டேங்கர் ஓட்டுகிற கிரண். வழி விடவில்லை என்று விடியற்காலையில் ஆரன் அடித்து ஷோபாவை எழுப்புகிறவன் அவன்தான். லைன் கோடியில் டேங்கரைக் கழுவிக்கொண்டிருந்தான். நேரே போனேன்.

"என் பொண்ணு கார இடிச்சது நீதானே?"

"இன்னா தாத்தா, ஞாயித்துக்கெழமையும் அதுவுமா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ஆரன் அடிப்பேன். வழி வுடலன்னா சாமி வண்டியே நின்னாலும் அடிப்பேன். அதுக்குன்னு இடிப்பேனா? இங்க வா. இந்த பம்பர பாரு, உன் இடுப்புக்கு மேல கீது. இது தட்டியிருந்தா உன் கார் அப்பளம். ஒரு கதவ மட்டும் கிள்ளிட்டுப் போவுமா?"

குனிந்து பம்பரைத் தொட்டுப் பார்த்தேன். தூசிகூடக் கலையவில்லை. உயரமும் அவன் சொன்னதுதான்.

"வேற யார கேக்கப் போற? எங்க அம்மாவயும் கேட்டுடு. அதுவும் நேத்து ஸ்கூட்டர் எடுத்துச்சு," என்றான். நான் திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து சொன்னான்: "தாத்தா, அக்காகிட்ட நான் இல்லன்னு சொல்லிடு. சும்மனே என்ன மொறைக்கப் போவுது."

அவன் பேச்சை நான் நம்பவில்லை. பம்பரை நம்பினேன்.

திரும்பி வந்தபோது ஜெயகரன் எங்கள் கார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் எங்கள் பக்கத்து வீடு, நடுவில் ஒரே சுவர். சர்ச்சிலிருந்து வந்த சட்டையோடு இருந்தான். பெண்சாதி தவறிவிட்டாள். மகன் டென்சில் பெங்களூரில் இருக்கிறான். ஜெயகரன் சுரங்கத்தில் வைண்டிங் டிரைவராக இருந்தவன். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் எங்களை ஏற்றிக் கீழே இறக்கி, ஷிப்டு முடிந்ததும் மேலே தூக்குகிற இன்ஜினை ஓட்டியவன். நான் என் உயிரை இன்னொருத்தன் கையில் கொடுத்தது அவனிடம்தான், அதுவும் வேறு வழி இல்லாமல். ஒரு நாள்கூடக் கூண்டு தட்டினது கிடையாது.

"எந்தப் புண்ணியவான் பண்ணான் இத?" என்றான்.

"அவனத்தான் தேடறேன்."

"நேத்து சாயங்காலம் ஏர்பிளாஸ்ட் பெருசா அடிச்சுதே முனி. அதுல ஏதாச்சும் கல்லு கில்லு உருண்டு வந்து..."

"கல்லா?"

"எங்க வூட்ல ஷெல்புலேருந்து டம்ளரே கீழ வுழுந்துச்சு. அவ்ளோ பெருசு."

சரி என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். அவன் டம்ளர் வைக்கிற ஷெல்பும் என் டம்ளர் வைக்கிற ஷெல்பும் ஒரே சுவரில் முன்னும் பின்னும் இருக்கின்றன. அவன் டம்ளர் விழுந்தால் என்னுடையது நின்றிருக்காது. அப்போதுதான் யோசித்தேன். ஏர்பிளாஸ்ட் என்றால் முதலில் பாதத்துக்கு வரும், பிறகுதான் காதுக்கு. நேற்று காதுக்கு மட்டும்தான் வந்தது. என் கையில் டீ ஆடவே இல்லை.

இன்னொன்றும் தோன்றியது. ஜெயகரன் ஞாயிற்றுக்கிழமை என்றால் தன் பழைய மாருதியை எடுத்துக்கொண்டுதான் சர்ச்சுக்குப் போவான். நடக்கிற தூரம்தான், ஆனாலும் கார்தான். இன்றைக்குக் காலையில் அந்தக் கார் சத்தமே கேட்கவில்லை, நடந்து போய் வந்திருக்கிறான்.

அவன் வீட்டுப் பக்கம் போனேன். மாருதி கவர் போட்டு, கயிறு சுற்றிக் கட்டி நின்றது. எப்போதும் மூக்கைச் சுவர்ப் பக்கம் வைத்து நிறுத்துவான், இன்றைக்குப் பின்பக்கம் சுவரை ஒட்டி இருந்தது. கயிற்றை அவிழ்த்துக் கவரைத் தூக்கினேன். பின்னால் கறுப்பு பம்பரில் சுண்ணாம்பு இழுத்த மாதிரி வெள்ளை பெயிண்டு.

"பாத்துட்டு கட்டிடு முனி," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"கட்டறேன். மொதல்ல நீ சொல்லு."

அவன் வாசற்படியில் உட்கார்ந்தான்.

"வெளிச்சம் மங்கினா கண்ணுல பொக மாதிரி வருது. வண்டிய திருப்பறதுக்கு ரிவர்ஸ் எடுத்தேன். கார் நிக்குதுன்னே தெரியல. தட்டின அப்புறம்தான் தெரிஞ்சுது."

"எறங்கிப் பாத்தியா?"

"இல்ல. யாராச்சும் வருவாங்கன்னு உள்ளயே உக்காந்துகினு இருந்தேன். ஒருத்தரும் வர்ல. அப்பதான் புரிஞ்சுது, எல்லாரும் கீழ வெடிச்சுதுன்னு நெனச்சிகினாங்கன்னு. அப்படியே இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

"நல்லா வுட்ட."

"டென்சிலுக்குத் தெரிஞ்சா சாவிய புடுங்கிடுவான். அது போவட்டும். லைன்ல இன்னா பேசுவாங்க? அத்தன பேர ஏத்தி எறக்கினவன் நின்னுகினு இருந்த கார இடிச்சான்னு."

"பேசட்டும். என் பொண்ணு இந்த லைனே தன்ன வெரட்டுதுன்னு நெனச்சிகினு மூட்ட கட்டறா. என்னயும் சேத்துக் கட்டறா. அது தெரியுமா உனக்கு?"

அவனுக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்தேன், நிஜமாகவே தெரியாதுதான்.

"யாரு வெரட்டறாங்க அவள?" என்றான்.

"நீ வந்து சொல்லு."

"நீயே சொல்லிடேன் முனி."

"நான் சொன்னா, வூட்ட வுட்டுப் போகாம இருக்க கெழவன் கத கட்டறான்னுவா. அவ என் பொண்ணு. யாரு சொன்னாலும் நம்ப மாட்டா. இடிச்சவன் வந்து நின்னாதான் நம்புவா."

அவன் எழுந்திருக்க நேரம் எடுத்துக்கொண்டான். நான் அவசரப்படுத்தவில்லை. அதற்குள் கவரை மாட்டி, கயிற்றைக் கட்டினேன். பிறகு அவன் முன்னால் நடக்க, நான் பின்னால் போனேன். முன்னால் நான் போனால் நடுவில் திரும்பிவிடுவான் என்று ஒரு சந்தேகம்.

ஷோபா தரையில் உட்கார்ந்து பித்தளைக் குடத்தைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஷோபா, கார இடிச்சது நான்தாம்மா," என்றான் ஜெயகரன். வாசலைத் தாண்டி வரவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். இவன் சொல்ல வேண்டியதை இவனே சொல்லட்டும் என்று நின்றேன். ரிவர்ஸ் எடுத்தது, கண் புகை, யாரும் வராதது, எல்லாவற்றையும் சொன்னான். டம்ளர் விழுந்தது பொய் என்பதையும் சொன்னான். அதைச் சொல்லும்படி நான் கேட்கவில்லை.

"அங்கிள், சில நாள் நான் வந்து கார்லயே உக்காந்து போன் பேசிகினு இருப்பேன். நேத்து அப்படி இருந்திருந்தா?" என்றாள்.

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"எறங்கிக்கூட பாக்கல நீங்க."

"இல்லம்மா."

"வேணும்னு பண்ணலியே?"

"ஐயோ, உன்னயா? கண்ணு தெரியலம்மா. வேற ஒண்ணும் இல்ல."

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழுகையா வேர்வையா, நான் பார்க்கவில்லை.

"காலைலேருந்து இந்த லைன்ல ஒவ்வொரு வூடா நெனச்சுப் பாத்தேன் அங்கிள். யாருக்கு என்மேல இவ்ளோ கோவம்னு. கிரண நெனச்சேன், குழாயடில இருக்கறவங்கள நெனச்சேன். உங்க வூட்ட மட்டும்தான் நெனைக்கல."

"தப்புதாம்மா."

"தப்புதான். சாவிய குடுங்க."

அவன் பையில் தேடினான். சாவி இருந்தது, ஆனால் உடனே கைக்கு வரவில்லை. கொடுத்தபிறகும் அவன் விரல் கொஞ்சம் மடங்கியே இருந்தது. சாவியை ஷோபா தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"டென்சிலுக்கு நானே போன் பண்றேன். நீங்க இங்கயே இருங்க. உங்களுக்குத் தெரியாம ஒண்ணும் பேச மாட்டேன்."

ஸ்பீக்கரில் போட்டாள். டென்சில் முழுவதும் கேட்டான். நடுவில் ஒரு தடவை பெருமூச்சு விட்டான். கத்துவான் என்று நினைத்தேன், கத்தவில்லை.

"டாடி, உங்களுக்கு அடி பட்டுச்சா?"

"எனக்கு ஒண்ணும் இல்லடா. காருக்குத்தான்."

"இன்னிக்கே வரேன். கண்ணு டாக்டர்கிட்ட போவலாம். ஷோபா, கேரேஜ்ல நான் பேசிக்கறேன். போலீஸு...?"

"போலீஸு எதுக்கு? ஆள்தான் வந்து நிக்கறாரே," என்றாள் ஷோபா.

போனை வைத்தபிறகு ஜெயகரன் கிளம்பப் பார்த்தான். உட்காரு என்றேன். டென்சில் வருகிறவரைக்கும் தனியாகப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். அதை இங்கேயே பார்க்கலாம், அதே சுவர்தான். உட்கார்ந்தான்.

ஷோபா இன்னொரு நம்பரைத் தேடினாள். இந்தத் தடவை ஸ்பீக்கரில் போடவில்லை. ஆனால் எங்கள் வீடு சின்னது.

"அந்த அபார்ட்மென்ட் வேணாங்க," என்றாள். "இல்ல, வூட்ல கொற ஒண்ணும் இல்ல. நாங்க இங்கயே இருந்துக்கறோம். ஆமாங்க. வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க."

நான் அவளைப் பார்க்காமல் பேப்பரில் சுற்றியிருந்த குடத்தைப் பிரித்து வெளியே எடுத்தேன். அவள் அடுப்பங்கரைக்குப் போய் அரிசியை அளந்து போட்டாள்.

"மூணு பேருக்குப் போடு," என்றேன்.

"டென்சில் வரான்ல. நாலு பேருக்குப் போட்டாச்சு," என்றாள்.