மாதையனின் அலறல்

எங்கள் ஊர்ப் பழைய ஜெயிலில் பேய் இருக்கிறதாம். வருஷா வருஷம் அதன் முற்றத்தில் புளி காயப்போடுகிறவள் நான். எனக்கே தெரியாத பேய் ரஞ்சித்குமாருக்குத் தெரிந்துவிட்டது. தர்மபுரியிலிருந்து வந்து யூடியூபில் பேய் பிடிக்கிறவன் அவன். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். கூரை பாதி விழுந்து, பூட்டுகூட இல்லாமல் கிடக்கிறது. பேய் இருக்கிறதென்று சொல்லாவிட்டால் எவன் பார்ப்பான்?

பேயோடு விட்டிருந்தால், எக்கேடோ கெட்டுப் போ என்றிருப்பேன். போன வாரம் போட்ட வீடியோவுக்கு அவன் வைத்த பெயர் 'திருடன் மாதையனின் அலறல்'. மாதையன் என் அண்ணன். காரிமங்கலம் சந்தையில் ஒருத்தி, "நீங்க அந்தத் திருடன் தங்கச்சிங்களா?" என்று கேட்டே விட்டாள்.

நேற்று மத்தியானம் மறுபடி வந்தான். லைவாம். புளி தட்டிக்கொண்டிருந்த கட்டையோடு எழுந்து நேராக உள்ளே போனேன்.

"ஆத்தா, கொஞ்சம் தள்ளுங்க. லைவ் ஓடுதுங்க."

"ஓடட்டும். அதுக்குத்தான் வந்தேன். அந்த அலறலப் போடு, நானும் கேக்கறேன்."

என் கையிலிருந்த கட்டையைப் பார்த்தான், போட்டான். கரகரவென்று ஓர் ஆண் குரல்: "அய்யோ, நான் எடுக்கலீங்க, விட்டுடுங்க."

"இது எங்கண்ணனா?"

"ஆமாங்க. பேய்க் கொரலப் புடிக்கற மெஷின்ல பதிவானதுங்க."

"எங்கண்ணன் பொறவி ஊமைடா."

நான் கேமராவைப் பார்த்தே சொன்னேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் பக்கத்து ஊரில் ஆடு காணாமல் போனது. போலீஸ்காரர்கள் சந்தேகப்பட்டு அண்ணனை இங்கே அடைத்தார்கள். கேட்டதற்கு அவன் பதில் சொல்லவில்லை. கொழுப்பு என்று அடித்தார்கள். ஊமை என்று சொல்ல ஓடிவந்த அம்மாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். விடிந்ததும் பிணத்தைத்தான் கொடுத்தார்கள். ஆடு திருடியவன் பிறகு அகப்பட்டான். அதை எவனும் வீடியோ போடவில்லை.

"நீ போட்டியே, அதுல ஒரு வார்த்த அவனுக்குப் பேச வந்திருந்தா வூடு வந்து சேந்திருப்பான். பேசலன்னு அவங்க கொன்னாங்க. செத்தவனப் பேச வெச்சு நீ பொழைக்கற."

ரஞ்சித்குமாருக்கு வேர்த்துவிட்டது. "தெரியாம பண்ணிட்டேங்க. அந்த வீடியோவ எடுத்துடறேன்."

"பாத்தவன் மனசுலேருந்து யாரு எடுக்கறது? இப்பக் கூப்புடு எங்கண்ணன. சத்தம் எதையும் சேக்காம, லைவ்லயே கூப்புடு."

மெஷினை நீட்டினான். "மாதையண்ணா, இருக்கீங்களா? அந்த ஆட்ட நீங்க எடுத்தீங்களா?"

அன்றைக்கு அவர்கள் கேட்ட அதே கேள்விதான். காத்திருந்தோம். முற்றத்தில் காக்கை புளியைக் கிளறுவதுகூடக் கேட்டது. அறைக்குள் ஒரு சத்தமும் இல்லை.

அவன் மெஷினை இறக்கப் போனான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எறக்காத, அப்படியே புடி. எல்லாரும் கேக்கட்டும். இதான் எங்கண்ணன் கொரலு."