பச்சைக் கேன்

எங்கள் பஸ் டிப்போவில் எஞ்சின் சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலன்ட், புது வண்டிகளுக்குச் சிவப்பு, பழைய வண்டிகளுக்குப் பச்சை. இரண்டையும் கலந்தால் ரேடியேட்டருக்குள் பசையாகிவிடும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். எழுதியவன் நான்தான், இருபது வருஷ மெக்கானிக்.

அன்றைக்குச் சிவப்புக் கேன் காலி. ஸ்டோர்காரர் சாப்பிடப் போயிருந்தார். என் அக்கா வீட்டுக்காரர் அதே டிப்போவில் டிரைவர், அவருடையது புது வண்டி. டிரிப்புக்கு நேரமாகிறது என்று தலைக்குமேல் நின்றார். கையெட்டும் தூரத்தில் பச்சைக் கேன் இருந்தது. ஊற்றினேன். சாயங்காலம் கழுவி மாற்றிவிடலாம் என்று நினைத்தேன், மறந்தும் தொலைத்தேன்.

மூன்றாவது வாரம் அத்தானின் எஞ்சின் நடுவழியில் வெந்துபோனது. ரேடியேட்டரைத் திறந்தேன். உள்ளே பழுப்பாகக் கெட்டிப் பசை. சூட்டைக் காட்டும் சென்சார் மேலும் அதே பசை அப்பியிருந்தது. எஞ்சின் கொதித்தாலும் டேஷ்போர்டில் ஊசி அசைந்திருக்காது. சூப்பர்வைசர் வருவதற்குள் எல்லாவற்றையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அதை நினைத்தால்தான் அசிங்கமாக இருக்கிறது.

"ஊசி ஏறவே இல்லைங்க" என்றார் அத்தான், விசாரணையில்.

"ஊசி ஏறாம எஞ்சின் எப்படிய்யா வேகும்?" என்றார் மேனேஜர். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயில் கொழுக்கட்டை.

ஊசி ஏறியதை அத்தான் கவனிக்கவில்லை என்று முடிவுகட்டி, அவரிடமிருந்து ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டு பஸ் கழுவப் போட்டார்கள். நிதானமாக ஓட்டுவதால் அவருக்கு டிப்போவில் 'ஆமை' என்று பேர். இப்போது, "ஆமைக்குக் கண்ணும் போச்சு" என்று சிரித்தார்கள். அதைவிடக் கொடுமை, அவரே அதை நம்ப ஆரம்பித்தார். ஸ்கூட்டரைக்கூடத் தொடவில்லை. அக்கா தினமும் காலையில் காலண்டரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "இது என்ன தேதி, சொல்லுங்க" என்பாளாம்.

இரண்டு மாதம் கழித்து அக்கா போன் செய்தாள். "நீயாவது அவரைக் கண் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போடா."

அவருடைய ஸ்கூட்டரிலேயே பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போனேன். அத்தான் எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை கடகடவென்று படித்தார்.

"கண்ணுல ஒரு குறையும் இல்லை" என்றார் டாக்டர்.

"இன்னொரு தடவை பாருங்க டாக்டர். குறை இல்லைன்னா அந்த ஊசி எப்படி எனக்குத் தெரியாமப் போச்சு?"

அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. வெளியே படிக்கட்டில் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அத்தான், ஊசி ஏறலை. நீங்க சொன்னதுதான் நிஜம். சிவப்புல பச்சையைக் கலந்தது நான். பசை சென்சாரை மூடிருச்சு. யாரும் பாக்கறதுக்குள்ள கழுவினதும் நான்தான்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"அப்போ நான் சரியாத்தான் பாத்திருக்கேன்" என்றார், மெதுவாக. அதையே இன்னொரு தடவை சொன்னார். பிறகு கையை விடுவித்துக்கொண்டு நீட்டினார். "சாவியைக் குடு."

கொடுத்தேன். இந்தத் தடவை நான் பின்னால் உட்கார்ந்தேன். வீட்டுக்குத் திரும்பும் முனை வந்தது. அதைத் தாண்டி, வழக்கமான அதே நிதானத்தில், டிப்போவை நோக்கி ஓட்டினார்.