வீரம்மாவின் கை

மணி அடிக்கத் தொடங்கி வெகுநேரமாகிவிட்டது. கம்பத்தில் இரண்டு சிவப்பு விளக்குகளும் மாறி மாறி மின்னிக்கொண்டிருந்தன. ரயிலைத்தான் காணோம். கலகெதர பஸ் பொறுமையிழந்து ஹோர்ன் அடித்தது. அதற்குப் பின்னால் ஒரு லொறியும் சில மோட்டார் சைக்கிள்களும் தூறலில் நனைந்துகொண்டு நின்றன. விளக்கை யாரும் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் ரயில் கடவையோரத்தில் வடைத் தட்டுக்குப் பின்னால் நின்ற வீரம்மா மேல்தான் இருந்தது.

விளக்கு வருவதற்கு முன்னால் இந்தக் கடவையில் மூங்கில் தடுப்பை ஏற்றி இறக்கியது அவள்தான். விளக்கும் மணியும் வந்ததும் மூங்கிலோடு சேர்த்து அவளையும் கழற்றிவிட்டார்கள். வந்த விளக்கோ, நாலு துளி மழை விழுந்தால் போதும், இல்லாத ரயிலுக்கெல்லாம் மின்னும். புலி வருது கதைதான். ரோட்டில் நிற்பவர்களுக்கு மண்மேடு மறைக்கும். வடை விற்பவளுக்கு இரண்டு பக்கமும் வளைவுவரை தண்டவாளம் தெரியும். ஒருநாள் யாரோ கேட்க, எட்டிப் பார்த்துவிட்டு, போகலாம் என்று கையை உயர்த்தினாள். அன்றிலிருந்து அந்தக் கைதான் சிக்னல். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் லொறிகளும் பஸ்களும் தன் கைக்குக் கட்டுப்படுவதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது.

நேற்று விளக்கைப் பழுதுபார்க்க வந்தவர் அவள் கை காட்டுவதைக் கண்டுவிட்டார். ஏதாவது நடந்தால் மறியலில் கம்பி எண்ணப்போவது நீதான் என்று அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டுப் போனார். இனிக் கையைத் தூக்குவதில்லை என்று முடிவெடுத்துத்தான் காலையில் வடை சுட்டாள். இன்றைக்குப் பார்த்து இரண்டு வளைவையும் பனி மூடிவிட்டது.

வரிசையைச் சுற்றிக்கொண்டு முனாப்பின் ஓட்டோ முன்னால் வந்து நின்றது. பின்சீட்டில் அவன் மனைவி பாயிஸா, நிறைமாத வயிற்றோடு கம்பியைப் பிடித்தபடி குனிந்திருந்தாள்.

"அக்கா, பொய் மணிதானே? கையக் காட்டுங்க. தண்ணிக் கொடம் ஒடஞ்சிட்டு. பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்."

"தெரியலையே தம்பி. பனி மூடிக் கெடக்கு."

"எவ்வளவு நேரமா அடிச்சிக்கொண்டு ஈக்கு. வாறதெண்டா இப்ப வந்திருக்குந்தானே?"

"தெரியாதத தெரியும்னு சொல்ல மாட்டேன். செத்த பொறு."

பாயிஸாவிடமிருந்து ஒரு முனகல் வந்தது. பிறகு, "எனக்கு ஏலா," என்றாள், யாரிடமென்றில்லாமல். வீரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளும் பெற்றவள்தான். எங்கே தன்னையறியாமல் எழுந்துவிடுமோ என்று இரண்டு கையையும் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள். முனாப் இஞ்சினை நிறுத்தவில்லை. அவன் கண் அவளைவிட்டு அகலவில்லை.

அப்போதுதான் அவள் தலைக்கு மேலிருந்த தகரக் கூரையிலிருந்து ஒரு குரங்கு குதித்தது. அதற்கு வடைத் தட்டு புதிதல்ல. ஒன்றை வாயிலும் ஒன்றைக் கையிலும் எடுத்துக்கொண்டு மூன்றாவதற்குத் தாவியது. தினமும் செய்வதைத்தான் வீரம்மாவும் செய்தாள். "ச்சீ, போ" என்று கையை ஓங்கினாள்.

ஓட்டோ பாய்ந்தது.

"இல்ல தம்பி, இல்ல," என்றாள். மணிச் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை. ஓட்டோவின் முன்சில்லு தண்டவாளத்தில் ஏறவும் பனிக்குள்ளிருந்து ரயிலின் ஊதல் எழவும் சரியாக இருந்தது. எஞ்சின் வந்தது. அதன் பின்னால் பெட்டிகள் வந்து அந்தப் பக்கத்தை முழுக்க மறைத்துக்கொண்டன. பஸ் கொண்டக்டர் இறங்கித் தலையில் கைவைத்து நின்றான். ஓடும் சில்லுகளுக்கு இடையே வீரம்மா அந்தப் பக்க ரோட்டைத் தேடினாள். ஈரம்தான் தெரிந்தது.

கடைசிப் பெட்டி போனதும் பார்த்தாள். அந்தப் பக்கம் வடிகானோரமாக ஓட்டோ சாய்ந்து நின்றது. முனாப் தலையை வெளியே நீட்டியிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. அவள் கையையே பார்த்தான். குரங்கு என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் உள்ளே பாயிஸா அலறியதும் அவன் ஓட்டோவை ரோட்டுக்குத் திருப்பி ஏற்றத்தில் போனான்.

ரயில் போன பிறகும் மணி நிற்கவில்லை. சிவப்பும் அணையவில்லை. கலகெதர பஸ்காரர் விளக்கைத் திரும்பியும் பார்க்காமல், இன்னும் இறங்காதிருந்த அந்தக் கையைப் பார்த்துக் கியரைப் போட்டார்.