அரசரின் இடது கை

செத்து ஓராண்டு கழித்துத் தோண்டி எடுத்தபோது அரசரின் நகங்கள் அரை விரல் நீளம் வளர்ந்திருந்தன. அதன் பிறகும் வளர்ச்சி நிற்கவில்லை. கன்னத்தில் சிவப்பு இருந்தது, தாடி வளர்ந்தது. நிதாரோஸ் கோயிலில் பேழைக்குள் கிடந்தபடியே அவர் நாட்டுக்கெல்லாம் புனிதரானார். போரில் அவரை வெட்டிச் சாய்த்த விவசாயிகளே முழங்காலில் நகர்ந்து வந்து கும்பிட்டார்கள். புல் அறுப்புக் காலத்தில் அவருக்குத் திருநாள். அதற்கு முந்தின நாள் காலையில் பேழையைத் திறந்து நகமும் முடியும் வெட்ட வேண்டும். முதல் ஆண்டு வெட்டிய கொல்லன் தாடியைக் கோணலாக்கிவிட்டான். அடுத்த ஆண்டு ஆஸ்னியைக் கூப்பிட்டார்கள்.

ஆஸ்னி ஆடுகளுக்கு ரோமம் கத்தரிப்பவள். அவள் கத்தரி பட்டு ஓர் ஆட்டுக்கும் ரத்தம் வந்ததில்லை. அவள் கணவன் ஈவிந்த், வெர்டால் பள்ளத்தாக்கின் மற்ற விவசாயிகளோடு அரசரை எதிர்த்துக் கோடரி தூக்கிப் போய்த் திரும்பாதவன். பாதிரியார் சிக்வர்த்துக்கு இது தெரியும். தெரிந்தேதான் கூப்பிட்டார். அவளுக்கு இது பரிகாரமாக இருக்கட்டும் என்று நினைத்தார்.

ஈவிந்துக்குச் சண்டையில் ஆசை இருந்ததில்லை. பள்ளத்தாக்கே கிளம்பியது, அவனும் கிளம்பினான். "புல்லு காயறதுக்குள்ள வந்துருவேன்" என்றான். புல் காய்ந்தது, பனியும் விழுந்தது. விவசாயிகள் பக்கத்துப் பிணங்களை எந்தக் குழியில் தள்ளினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. புனிதர்மேல் ஆயுதம் தூக்கியவனுக்குப் பூசை கிடையாது என்று பாதிரியார் கையை விரித்துவிட்டார்.

அதனால் அவள் அரசரிடமே கேட்டாள். ஆறு ஆண்டுகள், நகத்தை வெட்டியபடியே கேட்டாள். "ராசா, உங்களைத் தேடி எடுத்துட்டாங்க. பக்கத்துல எங்க வீட்டுக்காரர் கிடந்தாரா? பாத்தீங்களா?" அரசர் பதில் சொன்னதில்லை. அவருடைய வலது கை விரிந்திருந்தது. இடது கை செத்த நாளில் மூடியபடியே இறுகிக் கிடந்தது. அதன் நகங்கள் வளைந்து மணிக்கட்டைச் சுற்றி வரும், அவள் எட்டிய மட்டும் வெட்டுவாள். மீன் சந்தையில் பெண்கள் அவள் காதுபடவே பேசினார்கள். "சொந்தப் புருசனுக்குக் குழி எங்கன்னு தெரியல. ஊரான் புருசனுக்கு நகம் வெட்டப் போறா பாரு."

ஏழாம் ஆண்டு அவள் கேட்கவில்லை. "உங்களை ரொம்பப் படுத்திட்டேன் ராசா. இனிமே கேக்க மாட்டேன். வந்த வேலையைப் பாத்துட்டுப் போறேன்" என்றாள். அப்போது மூடிய கை விரிந்தது. முதலில் சுண்டுவிரல், பிறகு மற்றவை. உள்ளே ஒரு நீலத் துணிக் கிழிசல் இருந்தது. போருக்கு முந்தின நாள் அரிவாள் பட்டு ஈவிந்தின் கட்டைவிரல் கிழிந்தபோது, தன் தலைத்துணியின் ஓரத்தைக் கிழித்து அவள் கட்டிய கட்டு அது. ரோம மூட்டைக்கு அவள் போடும் இரட்டை முடிச்சு அவிழாமல் இருந்தது.

பாதிரியார் அதை வாங்கிப் பார்த்தார். முகம் வெளுத்தது. "அப்ப வெட்டினது உன் புருசன்தானா?"

"வெட்டினவன் கையைப் பிடிச்சுக்கிட்டு யாராச்சும் சாவாங்களா சாமி?" என்றாள் ஆஸ்னி. "ரெண்டு பேரும் கிடந்திருக்காங்க. பக்கத்துல இருந்தது ஒரு கை. அவ்வளவுதான்."

பாதிரியார் கிழிசலை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு, அத்தனை ஆண்டுகளில் முதல் முறையாக, "அவன் பேரென்னம்மா?" என்று கேட்டார். மறுநாள் திருநாள் பூசையில், கூட்டத்துக்குக் கேட்காத குரலில் அந்தப் பெயரைச் சொன்னார்.

அன்றிலிருந்து அரசரின் இடது கைக்கு வயது ஏறத் தொடங்கியது. உடம்பு முப்பத்தைந்திலேயே நின்றிருக்க, அந்தக் கை மட்டும் நாற்பதைத் தாண்டியது, ஐம்பதைத் தாண்டியது. உள்ளங்கையில் கோடரி பிடித்த காய்ப்பு வந்தது, கட்டைவிரலில் அரிவாள் தழும்பு வந்தது, குளிர்காலத்தில் தோல் வெடித்தது. பார்க்க நன்றாயில்லை என்று, பாதிரியாருக்கு மேலிருந்த ஆயர் பட்டுக் கையுறை மாட்டச் சொன்னார். காய்ப்பு உரசி ஆறு மாதத்துக்கொன்று கிழிந்தது. மூன்றாவது கையுறையோடு விட்டுவிட்டார்கள்.

குழி எங்கே என்று ஆஸ்னிக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை, நகம் வெட்டி முடித்ததும் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, காய்ப்பில் ஆட்டுக்கொழுப்பைத் தேய்த்துவிடுவாள். புல் எவ்வளவு வந்தது, எந்த ஆடு செத்தது என்று சொல்வாள். கை ஒரு முறையும் சூடாகவில்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை. மணி அடித்ததும் எடுத்த இடத்தில் வைத்துவிட்டு எழுந்து வருவாள்.

வெளியே மழையில் நூறு இருநூறு யாத்திரிகர்கள் கருவாட்டை மென்றுகொண்டு நிற்பார்கள். "ஏன் இன்னும் கதவு தொறக்கல?" என்று புதிதாய் வந்தவர் யாராவது கேட்பார்.

"கொஞ்சம் பொறுங்க" என்பான் வாசல் காவலன். "இடது கையோட சம்சாரம் உள்ள இருக்காங்க."

கேட்டவர் தலையாட்டிவிட்டு ஒதுங்கி நின்றுகொள்வார்.