சலாம் ஹாரன்

டாக்டரம்மா கேட்பதற்கு முன்பே நான் புகார் வாசிக்க ஆரம்பித்துவிட்டேன். "நல்லா கேளுங்கம்மா. டீயில நாலு ஸ்பூன் சக்கர போட்டுக்குவா. வாயக் கட்டவே மாட்டா. அதான் பிரஷரு, சுகரு எல்லாம் ஒண்ணா சேந்துகினு நெஞ்சுல வந்து நிக்கிது." பக்கத்துக் கட்டில்காரிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தாயம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இருபத்தாறு வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவள். அட்டாக் வந்து கிடக்கிறவளின் மானத்தை வார்டு முழுக்கக் கேட்க வாங்கினேன், அதுவும் என்னமோ பெரிய நியாயஸ்தன் மாதிரி.

டாக்டர் என்னைக் கண்டுகொள்ளாமல் அவளிடமே கேட்டார். "வீடு எங்கம்மா?"

"திருவொத்தியூரு. கண்டெய்னர் லாரி போற ரோட்டு மேலயே."

"தூக்கம் வருதா?"

"எங்கம்மா? கண்ணசரும்போது ஹாரன் அடிப்பானுங்க. தூக்கிவாரிப் போடும். அப்பால நெஞ்சு கடகடன்னு ஓடிக்கினே கீது."

"அதெல்லாம் பழகிப்போச்சும்மா" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"காதுக்குப் பழகிடும் சார், உடம்புக்குப் பழகாது" என்றார் டாக்டர். "ஒவ்வொரு தடவை தூக்கிவாரிப் போடும்போதும் பிரஷர் ஏறும், சர்க்கரையும் ஏறும். அது மட்டும்தான் காரணம்னு சொல்லல, அதுவும் ஒண்ணு. இன்னொரு அட்டாக் வந்தா இவங்க தாங்க மாட்டாங்க. சத்தமில்லாத இடமா பாருங்க."

நான் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் பக்கம் லாரிகளுக்கு வயரிங் பார்க்கிறவன். ஏர் ஹாரன் மாட்டுவதில் இந்த லோகநாதனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வேலை முடிந்து வண்டியை விடும்போது டிரைவரிடம் ஒன்று சொல்வேன்: "என் வூட்டாண்ட போறப்ப ஒரு தபா அடிச்சிட்டுப் போ மாமு." சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்கத்தான் முதலில் சொன்னேன். போகப்போக அதுவே சலாம் ஆகிவிட்டது. பகலோ ராத்திரியோ, என் வீட்டைத் தாண்டும்போது அடிக்காமல் ஒருத்தனும் போக மாட்டான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வெளியே ஒருத்தன் நீளமாக அடித்தால் எனக்கு ஒரு பிடி சோறு கூடவே இறங்கும். ஏரியாவில் எந்தக் கட்சிக்காரனுக்கு இந்த மரியாதை உண்டு? பத்து வருடமாக என் பவுசுக்கு அவள் நெஞ்சு உதை வாங்கியிருக்கிறது. சீ, நானெல்லாம் ஒரு மனுஷன்!

டாக்டரிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. "லாரிக்காரனுங்க ரொம்ப பேஜாரும்மா" என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

மாத்தூரில் என் தங்கச்சி வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இரு என்றதற்கு, "என் வூட்ட வுட்டு நான் எங்கியும் வரல" என்று சொல்லிவிட்டாள். அவளை வீட்டுக்குக் கூட்டிவந்த மறுநாள் காலையில், அவள் எழுந்திருக்கும் முன்பே ரோட்டோரம் போய் நின்றேன். ஒவ்வொருத்தனிடமும் அடிக்காதே என்று சொல்லிவிடுவது என்று முடிவு. துறைமுகத்துக்குப் போகும் வண்டிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. முதலில் வந்தது, நான் ஹாரன் மாட்டிக் கொடுத்த டிரைவர் சாலமனின் வண்டி. இரண்டு கையையும் ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றேன். அவனுக்கு முகமெல்லாம் பல். நானே ரோட்டுக்கு வந்து கை காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டான் போல. ஒரே அழுத்து. அவன் அடித்ததைக் கேட்டுப் பின்னால் வந்தவன் அடித்தான், அவனுக்குப் பின்னால் வந்தவனும் அடித்தான்.

ஓடிப்போய் சாலமன் வண்டியின் படியில் தொற்றி ஏறினேன். "டேய், அடிக்காதடா!"

"இன்னா அண்ணாத்த, சவுண்டு கம்மியா கீதா?" என்றான். அப்புறம், "ஆமா, அண்ணிக்கு உடம்புக்கு இன்னாவோன்னு சொன்னாங்களே, இப்ப எப்டி கீது?"

உங்க சத்தத்தாலதான்டா என்று சொல்லியிருக்கலாம். என்னாலதான்டா என்று சொல்லியிருக்க வேண்டும். "போலீஸ்காரன் ஃபைன் போடறான்டா" என்றேன். அவன் சிரித்துவிட்டு கியரைப் போட்டான்.

இறங்கித் திரும்பினால், வாசலில் தாயம்மா. கம்பிக் கேட்டை ஒரு கையால் பிடித்தபடி, இன்னொரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. நான் கை ஆட்டியதையும் வண்டிகள் அடித்ததையும் பார்த்திருக்கிறாள். அவள் குரலில் கோபமே இல்லை.

"இன்னிக்கி ஒரு நாளாச்சும் அடிக்க வாணாம்னு சொல்லக் கூடாதாய்யா?"

அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும்? அதற்குள் அடுத்த வண்டி வந்துவிட்டது. அந்த டிரைவரும் என்னைப் பார்த்துவிட்டான், சிரிக்கிறான். நான் நடுரோட்டில் இறங்கினேன். குறுக்கே ஒருத்தன் வந்து நின்றால் எந்த டிரைவரும் முதலில் ஹாரனில்தான் கை வைப்பான் என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்தும் நின்றேன். ஏரியாவே பார்க்க, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி அவனைக் கும்பிட்டேன்.